முதல் இலை பிள்ளையாருக்கு

கம்ப்யூட்டரில் பெயர்களைப் பதிய புதிதாக எந்த டேபிளைத் திறந்தாலும் வீரமணி முதல் ரெக்கார்டில் 'உ' என்று பிள்ளையார் சுழி தட்டுவார். வயதுக் கட்டத்தில் பூஜ்யம் போடுவார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்வார். மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிற ஊரில் கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன விலக்கு?

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ரெங்கம்மாள் நடத்தும் திருமணத் தகவல் மையத்தில், இந்த 2004-ல், வீரமணிதான் புரோகிராமர். பிரின்டருக்கு ரிப்பன் மாட்டுவதும் அவர்தான். தினமும் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அன்றைக்குப் புரோகிராமில் தப்பு வரும் என்று சாதிப்பார். வயது முப்பத்தெட்டு. ஊருக்கெல்லாம் வரன் அச்சடிப்பவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

அவரிடம் தொழிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட்டதுதான் மிச்சம். "டேபிளுங்கறது மண்டபத்து வாசல்ல நிக்கிற கூட்டங்க. அரேங்கறது பந்தி. ஒவ்வொருத்தரா கூப்ட்டு வரிசையா ஒக்கார வச்சாத்தானே பரிமாற முடியும்? மொத எல மட்டும் பிள்ளையாருக்கு. அத வுட்டுட்டு அடுத்த ஆள்லேருந்து கூப்புடணும்." புரோகிராமும் அப்படித்தான். முதல் ரெக்கார்டைத் தாண்டி, இரண்டாவதிலிருந்து எல்லாரையும் அரேயில் ஏற்றும். அரேயில் ஏறியவர்கள் மட்டுமே பட்டியலில் அச்சாவார்கள்.

ஆடி முடிந்ததும் ரெங்கம்மாள் ஒரு யோசனை சொன்னார். "தம்பி, வயசு ஏறுனவங்கள மேல போடுப்பா. பாவம், அதுங்களுக்குத்தான் அவசரம்."

வீரமணிக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போனது. மூத்தவர் முதலில் வரும்படி ஒரு வரி சேர்த்தார். ரெங்கம்மாள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மாப்பிள்ளைகள் டேபிளில் தன் பெயரையும் சத்தமில்லாமல் ஏற்றிவிட்டார்.

அதற்கப்புறம் மூன்று மாதம் மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல. போன் அடித்தால் காலரை இழுத்துவிட்டுக்கொள்வார். மாப்பிள்ளைகள் பட்டியல் அச்சாகும்போது தன் பெயரைத் தானே பார்க்கக் கூச்சப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு குடும்பம்கூட விசாரிக்கவில்லை. "மூஞ்சியப் பாத்து வேணாம்னா சரிங்க. பேரப் பாத்தே வேணாம்னா எப்புடி?" என்று ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் வலித்திருக்கிறது.

கார்த்திகையில் சத்யப்பிரியா படியேறி வந்தார். சிறுவாச்சூரில் தையல் வகுப்பு எடுப்பவர், வயது முப்பத்து நாலு, ஆடி முடிந்த கையோடு பதிந்துவிட்டுப் போனவர். கையோடு கொண்டுவந்த பெண்கள் பட்டியலை மேசைமேல் விரித்தார்.

"எம் பேரு எங்க சார்?"

வீரமணி மேலிருந்து கீழே தேடினார். இல்லை. சத்யப்பிரியா கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது யாரு? உ, வயசு பூஜ்யம். பொறக்காத பொண்ணுக்கு லிஸ்ட்ல எடம் இருக்கு, எனக்கு இல்லியா?"

வீரமணிக்கு அப்போதுதான் விளங்கியது. வயதுப்படி அடுக்கியதில் பூஜ்ய வயதுப் பிள்ளையார் கடைசிக்குப் போய்விட்டார். அது தெரியாத புரோகிராம், பழக்கதோஷத்தில் முதலில் நின்ற ஆளைத் தாண்டிப் போயிருக்கிறது. பெண்களில் மூத்தவர் இவர். ஆண்களில் மூத்தவர் யார் என்று டேபிளைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

"தப்பு என்னுதுங்க. மன்னிச்சுக்குங்க."

"மூணு மாசம் சார்," என்றார் சத்யப்பிரியா. அவர் கோபப்படவில்லை. வீரமணிக்கு அதுதான் தாங்கவில்லை.

அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தினார். வயது பூஜ்யமாக இருந்தால் மட்டும் தாண்டு, மற்ற எல்லாரையும் ஏற்று. பெண்கள் பட்டியலை மறுபடி அச்சடித்தார். முதல் வரியில் சத்யப்பிரியா. அவர் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"சரி, மாப்ளைங்க லிஸ்ட் ஒண்ணு குடுங்க. நான் பாக்க வேண்டியது அதானே."

பிரின்டர் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்து முடித்தது. வீரமணி தாளைக் கிழித்து, முதல் வரியைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தபடி நீட்டினார். சத்யப்பிரியா வாங்க இழுத்தார். தாள் வரவில்லை.

"வெரல எடுங்க சார், மறைக்குது."

வீரமணி விரலை எடுத்தார்.