நிமிட அட்டவணையும் வாய்க்கால் முறையும்

தீம் பார்க் பயணத்துக்கு நிமிடவாரியாக அட்டவணை போட்டு லேமினேட்டும் செய்திருந்தேன். மனைவி படித்துவிட்டு, “ஏனுங்க, ஒண்ணுக்குப் போறது எத்தன மணிக்குங்க?” என்றாள். கலைரசனை இல்லாதவள்.

பெரிய சறுக்கில் ஏறத் தேவையான உயரத்தை மகள் இந்த வருடம்தான் எட்டியிருந்தாள். வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலே பேர் இருந்தபோது பக்கத்து வயல்காரர் போனில் அழைத்தார். “இன்னிக்கு வாய்க்கால் தண்ணி உங்க மொறைங்க. மடையில ஒருத்தரையும் காணமே?”

இன்று விட்டால் நெல் அடுத்த முறை வரை காயும். ஐஸ்கிரீமுக்கும் ஆறு நிமிடம் ஒதுக்கிய மேதை நான், சொந்த வயலை மறந்திருந்தேன். “கிளம்பலாம்” என்றேன். மகளின் உதடு துடித்தது.

மனைவி போனைப் பிடுங்கி ஊரிலிருக்கும் தன் அண்ணனை அழைத்தாள். “அண்ணா, எங்க மடையத் திறந்து உட்ருங்க. உங்க மாப்பிள்ளை வயலுக்கு டைம் போட மறந்துட்டாராமா.”

அரை நிமிடத்தில் முடிந்தது. அட்டவணைப்படி பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று நான் அறிவிப்பதற்குள், மகள் சறுக்கின் பாதிப் படிகளை ஏறியிருந்தாள்.