முதல்ல சொன்னது ஆர்?

உனக்கேனடி உந்த விடுப்பு? அம்மம்மா நான் சின்னனில என்ன செய்தனான், ஏது செய்தனான் எண்டு கிண்டிக் கிண்டிக் கேக்கிறாய். எதிர்வீட்டு ஆச்சி உனக்கு ஏற்கெனவே ஒரு கதை அளந்துபோட்டா எண்டும் எனக்குத் தெரியும். அதைப் போய்ப் பள்ளிக்கூடத்தில சொல்லப்போறியோ? பொறு. முதல்ல என்னட்டைக் கேள். வாயை மூடிக்கொண்டு கேள்.

எனக்கு அப்ப பத்து வயசு. சுவிசுக்கு வந்து ஒரு வருசம். அம்மாவுக்கு சூரிச்சில யூதப் பிள்ளையளின்ர பள்ளிக்கூடம் ஒண்டில பின்னேரம் கூட்டித் துடைக்கிற வேலை. வீட்டில பாக்க ஆளில்லை, நானும் வால் மாதிரிப் பின்னால போவன். நான் விருப்பத்தோட போன பள்ளிக்கூடம் அது ஒண்டுதான். அதுவும் வாளியோட.

அங்க பிள்ளையள் இரண்டு இரண்டு பேரா ஒரு புத்தகத்தை நடுவில வைச்சுக்கொண்டு கத்துவினம். சண்டை எண்டு நான் ஆசையாய்ப் பாத்துக்கொண்டு நிண்டா, அது படிப்பாம்! ரீச்சரையே மறிச்சுக் கேள்வி கேப்பினம். அவவும் சந்தோசப்படுவா. என்ர தலையெண்டால் கேள்வி கேட்டுக் குட்டு வாங்கின தலை.

ஒருநாள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில ஒரு மட்டைப் பெட்டி இருந்தது. உள்ளுக்கு முழுக்கக் கிழிஞ்ச தாள். நான் பெரிய கெட்டிக்காரியெல்லே, அதையும் கறுப்புப் பையுக்கை கொட்டி, வெளியில நிக்கிற பெரிய குப்பைக் கொண்டெய்னருக்கை போட்டிட்டன். அம்மா காணேல்லை.

அடுத்தநாள் போனா, வகுப்பு விட்டும் ஒரு பிள்ளையும் வீட்டை போகேல்லை. ரீச்சர் வெறும் பெட்டியோட வந்து அம்மாட்டைக் கேட்டா. அந்தத் தாளுகளில கடவுளின்ர பேர் இருக்காம். கிழிஞ்சாலும் எறியமாட்டினமாம். சேத்து வைச்சு, மனிசரைப் புதைக்கிற மாதிரிச் சவக்காலையில புதைப்பினமாம்.

அம்மாவுக்கு அவையின்ர டொச் பாசை விளங்காது. "என்னவாம் பிள்ளை?" எண்டு என்னைக் கேட்டா.

உள்ளதைச் சொன்னா அம்மாவின்ர வேலை போயிடும்.

"நிலம் நல்ல பளபளப்பாம் அம்மா."

அம்மா வாய் நிறையச் சிரிச்சு, "டங்க, டங்க" எண்டு தனக்குத் தெரிஞ்ச டொச்சில நன்றி சொன்னா. ரீச்சர் முழிச்ச முழியை நீ பாத்திருக்கவேணும்.

அப்பத்தான் கண்ணாடி போட்ட ஒரு பெட்டை எழும்பினாள். என்ர வயசுதான்.

"பெட்டியைத் தட்டில இருந்து இறக்கி அங்க வைச்சது நான். திருப்பி வைக்க மறந்துபோனன். இவையில பிழையில்லை."

ஆரும் அவளைக் கேக்கேல்லை, தெரியுமோ? மடைச்சி, சும்மா இருந்தாத் தப்பியிருப்பாளே எண்டு நினைச்சன். ரீச்சர் ஏசுவா எண்டு பாத்தா, அதுவுமில்லை. "சொன்னது நல்லது. இப்ப என்ன செய்வம்?" எண்டு எல்லாரையும் கேட்டா.

அந்தப் பெட்டை என்னைத் திரும்பிப் பாத்தாள். அவளுக்கு நான் கொட்டினதும் தெரியாது, புளுகினதும் தெரியாது. சும்மாதான் பாத்தாள். என்ர வாய் தானாத் திறந்திட்டுது.

"கொட்டினது நான். கொண்டெய்னருக்கை கிடக்கு."

பிறகு அம்மாவுக்கும் தமிழில சொன்னன். முழங்கையில கிள்ளினா பார், இண்டைக்கு நினைச்சாலும் நோகுது.

எல்லாரும் ஓடினம். பிள்ளையளின்ர தலை கொண்டெய்னருக்கை, கால் வெளியில. முதல் அம்பிட்ட தாளை அம்மா உதறித் துடைச்சு, இரண்டு கண்ணிலயும் ஒத்தினா. உடன கண்ணாடிக்காரிக்குக் கேள்வி: "ஏன் கண்ணில வைக்கிறா?" எழுத்தெண்டால் எங்களுக்குச் சரஸ்வதி, கால் பட்டாலும் தொட்டுக் கும்பிடுவம் எண்டு அம்மா சொன்னா. இந்தமுறை நான் ஒழுங்கா மொழிபெயர்த்தன். அதுக்குப் பிறகு எடுத்த தாளெல்லாத்தையும் பிள்ளையள் அம்மாவின்ர கையிலதான் கொண்டுவந்து குடுத்தினம். வேலையும் போகேல்லை. அந்தச் சம்பளத்திலதான் நாங்கள் வளந்தனாங்கள்.

அந்தப் பெட்டைக்கும் அவளை அப்பிடி வளத்த பள்ளிக்கூடத்துக்கும் இண்டைக்கும் மனசுக்குள்ள ஒரு கும்பிடு போடுவன். ரீச்சரைக் கேள்வி கேட்டுப் பழகினதுகள், தங்களையும் கேட்டுப் பழகியிருக்குதுகள். இது எனக்கு விளங்க உன்ர கொம்மாவைப் பெத்து வளக்க வேண்டியிருந்தது.

அண்டைக்கு எங்க விளங்கினது? எங்கட வீடு இருந்த ஷ்லீரனில வந்து இறங்கின உடன, மாடிப்படியில நிண்ட அயலட்டைச் சனத்துக்கு, உனக்குக் கதை அளந்த அந்த எதிர்வீட்டு ஆச்சியும் அதில நிக்கிறா, நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னன். அம்மா இன்னொருக்காக் கிள்ளக் கிள்ளச் சொன்னன்:

"அங்க ஒரு கண்ணாடிக்காரி பயந்து நடுங்கிக்கொண்டு நிண்டாள். நான்தான் முதல்ல எழும்பி உண்மையைச் சொன்னனான்."