இரண்டாவது கிளாஸ்

ஆம்பூருக்கு மிஷனரியாக வந்த ரூத்துக்கு நான்தான் தமிழ் கற்றுக்கொடுத்தேன். வெளிநாட்டுப் பெண், இருபத்துமூன்று வயது. தினமும் சாயங்காலம் வராந்தாவில் இரண்டு கிளாஸ் டீயோடு உட்கார்ந்திருப்பாள். ஒன்று ஆறிப்போகும்.

“அது யாருக்கு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எதிர்வீட்டு நஸ்ரின் அக்காவுக்கு. ஷூ கம்பெனிக்குப் போறப்ப தினமும் ‘வர்றேம்மா’ன்னு சொல்றாங்க. ஆனா வரலை.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “போறேன்னு சொல்லக் கூடாதுன்னு சும்மா அப்படிச் சொல்வோம்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு கிளாஸ்தான்.

அடுத்த வாரம் நஸ்ரின் என்னைத் தெருவில் நிறுத்தினார். “இன்னா டீச்சர், அந்தப் பொண்ணுக்கு எம்மேல கோவமா? ஓவர்டைம் ஜாஸ்தி, கொஞ்சம் கம்மியானதும் போய் உக்காரலாம்னு இருந்தேன். இப்ப எனக்கு டீயே வைக்க மாட்டேங்குது.”

நேராக ரூத்திடம் போய்ச் சொன்னேன். “அப்போ நாளைக்கு எத்தனை கிளாஸ் வைக்கணும் டீச்சர்?” என்றாள்.

இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிற நான் குழப்பத்தோடு எழுந்தேன். வாசல்வரை போய், பழக்கத்தில், “வர்றேம்மா” என்றேன்.

ரூத் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.