கழற்றிய கேஸ்கட்

இது நடந்தது. கிறிஸ்தோபர் அண்ணன் இதை என்னிடம் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட அவர் சொன்ன நேரங்கள் மாறவில்லை. நம்ப முடியாதவர்கள் விட்டுவிடுங்கள். ஆனால் அந்தக் கார் என்னுடையது. அதில் இருந்தவள் என் மனைவி ஜெஸீமா.

மாத்தளை அலுவிகாரையில் பெரிய வீதியை ஒட்டி இருக்கிறது கிறிஸ்தோபரின் கராஜ். இது நடப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன் என் கார் என்ஜினில் ஒரு சத்தம் வந்தது. டிக்… டிக்… டிக்… என்ஜினுக்கும் புகை போகும் குழாயான மேனிபோல்ட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் கேஸ்கட் எரிந்து, புகை கசிந்துகொண்டிருந்தது. அசல் கேஸ்கட் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் தாங்கும் என்று தடித்த கேஸ்கட் தாளில் கையால் ஒன்றை வெட்டிப் போட்டார். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டார். சத்தம் நின்றது. காரைத் தந்துவிட்டார்.

பிழை அங்கேதான். இரும்பு சூடானால் விரிந்து கசிவை மூடிக்கொள்ளும். சத்தமும் அடங்கிவிடும். ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். இருபத்தாறு வருடம் இந்த வேலையில் இருப்பவருக்கு அது தெரியும். அன்று இரண்டு வேன்கள் காத்து நின்றன. கேட்காமல் விட்டுவிட்டார்.

அசல் கேஸ்கட் ஒரு திங்கட்கிழமை வந்தது. ஆணியில் மாட்டினார். எனக்குப் போன் பண்ண நினைத்தார். மறந்துவிட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. விடியலிலிருந்தே மழை. மாலை நாலு நாற்பது.

தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிவிட்டுத் திரும்பினார். என் கார் கராஜுக்குள் நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. வீதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காரின் கூரையில் ஒரு துளி இல்லை.

பின் சீட்டில் ஜெஸீமா. கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கியிருந்தாள். கன்னங்கள் காய்ச்சல் கண்டதுபோல் சிவந்திருந்தன.

"என்ன டீச்சர், இந்த மழையில? ஸுஹைல் தம்பி உங்கள அனுப்பிட்டு வீட்டுல தூங்குறாரா?"

"அவருக்கு இன்னிக்கி நெறைய வேல அண்ணே. உள்ளுக்கு பொக வருது. நீங்களே பார்த்துருங்க. விடியக்காலைல கலேவெலைக்கு, உம்மா வீட்டுக்குப் போற பயணம். ஒரு வாரமா தலவலி. பின்னாலதான் படுத்துக்கிட்டு போவேன்."

கிறிஸ்தோபர் நினைத்துப் பார்த்தார். மழைக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பின்னால் படுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம்… அந்தப் புகை ஆளை இருமக்கூட வைக்காது. சாவு தூக்கம்போல் வரும்.

தான் கேட்காமல் விட்ட சத்தம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னிக்கே மாத்திர்றேன் டீச்சர். இத நம்பி நீங்க போகவே கூடாது."

பொனட்டைத் திறந்தார். என்ஜினைத் தொட்டார். வீதியில் ஓடி வந்த என்ஜின், பச்சைத் தண்ணீர்போல் குளிர்ந்திருந்தது.

சாவியைத் திருப்பினார். டிக்… டிக்… டிக்…

அணைத்தார்.

டிக்… டிக்…

நிமிர்ந்து பார்த்தார். ஜெஸீமாவின் நகம் கண்ணாடியில் தட்டிக்கொண்டிருந்தது. அதே இடைவெளியில்.

"எறங்கி வெளிய உக்காருங்க டீச்சர்."

"கதவு தெறக்குதில்ல அண்ணே."

அவர் வெளியிலிருந்து இழுத்தார். திறக்கவில்லை.

ஐந்து இருபத்தைந்து. பழையதைச் சுரண்டி எடுத்து, புதியதைப் பொருத்தினார். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பச்சைப் பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது அவர் வழக்கம். ஆறு நட், ஆறு கோடு. ஓடவிட்டார். இந்தத் தடவை ஆறும்வரை காத்திருந்தார். ஆறு நாற்பதுக்கு மறுபடி ஸ்டார்ட் செய்தார்.

சத்தம் இல்லை.

"இனி பயமில்ல டீச்சர்."



கழற்றியதை உரிமையாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. எரிந்த கேஸ்கட்டை அன்றைய பேப்பரில் தட்டையாகச் சுற்றிக் கண்ணாடி இடுக்கால் நீட்டினார்.

"தாங்க அண்ணே. அவர்கிட்ட காட்டணும்."

விரல் பட்டது. ஐஸ்.

கை கழுவத் திரும்பினார். குழாயைத் திறந்தார். மூடினார்.

கார் இல்லை.

தரையில் டயர் தடம் இல்லை…

ஜெஸீமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஏழு பத்துக்கு எனக்குப் போன் வந்தது.

"தம்பி, டீச்சர் வந்தாங்க. வேலய முடிச்சு அனுப்பிட்டேன். பத்திரமா வந்துட்டாங்களா?"

நான் சொன்னேன்.

"அண்ணே, ஜெஸீமாவ அடக்கிட்டோம். இன்னிக்கி நாலு நாப்பதுக்கு மண் போட்டோம்."

அன்று விடியக்காலை நாலு பத்துக்குத்தான் நாங்கள் புறப்பட்டோம். முன் கண்ணாடியில் நீராவிப் புகார் படிந்ததால் என் பக்கத்து ஜன்னலைப் பாதி இறக்கியிருந்தேன். அதனால் நான் இருக்கிறேன். ஐந்து நாற்பதுக்குக் கலேவெலை. தூங்குகிறாள் என்று நினைத்தேன். எழுப்ப மனமில்லாமல் பத்து நிமிடம் காத்திருந்தேன்.

ஆறு ஐம்பதுக்குப் பொலிஸார் காரைக் கொண்டுபோய் நிலைய வளவில் பூட்டிவிட்டார்கள். சாவி அவர்கள் மேசை லாச்சியில். கார் பிறகு அங்கிருந்து அசையவில்லை.

மறுநாள் கிறிஸ்தோபர் அங்கே போனார். தன் பிழைதான், தன்னைப் பிடியுங்கள் என்றார். பொனட்டைத் திறந்து பார்த்தார்கள். புத்தம் புதிய கேஸ்கட். ஆறு நட்டிலும் பச்சைக் கோடு. கசிவு எதுவும் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். அவரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அவர் இப்போது கராஜைத் திறப்பதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஜெஸீமாவின் பொருட்களை என்னிடம் தந்தார்கள். கைப்பை. ஒரு செருப்பு. பின் சீட்டில் கிடந்ததாக ஒரு பேப்பர் பொட்டலம். செவ்வாய்க்கிழமைப் பேப்பர். நாங்கள் புறப்பட்டபோது மாத்தளையில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை.

பிரித்தேன். கையால் வெட்டிய கேஸ்கட். மூன்றாவது துளைக்குப் பக்கத்தில் கருகிய இடைவெளி, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு.

என்னிடம் காட்ட வேண்டும் என்றாளாம்.

காட்டிவிட்டாள்.