ஜெனிற்றாவின் பந்துக்குத் துளை போட்ட கதை

வளைகுடாவில், பந்தை உருட்டி 'பின்' எனும் கட்டைகளை வீழ்த்தும் ஒரு போலிங் அரங்கில் பந்துகளுக்கு விரல் துளை போடுவதுதான் என் வேலையாக இருந்தது. ஊர் திரும்பி, மன்னாரில் லேத் பட்டறை போட்டு, வள்ள எஞ்சின்களுக்கு ஷாஃப்ட் கடையத் தொடங்கியபோது அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். போன வருடம், என்னை 'நானா' (அண்ணன்) என்று கூப்பிடும் பேசாலை மீனவன் அன்ரன் தன் மகள் ஜெனிற்றாவையும் ஒரு பந்தையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

ஜெனிற்றாவுக்குக் கொழும்பில் வங்கி வேலை. அங்கே போலிங் பழகி, நாட்டு அணித் தெரிவு வரை வந்துவிட்டாள். தெரிவுக்கு இன்னும் ஒரு கிழமைதான். புதுப் பந்தோ பாதி வழியிலேயே வளைந்து, பின்களுக்குக் கிட்டப் போகும்போது சோர்ந்துவிடுகிறதாம்.

"இதை ஆர் துளைச்சது?"

"கொழும்பிலதான் அங்கிள். சம்பியன் அக்காட பந்தில இருக்கிற மாதிரியே போடச் சொன்னனான்."

"அந்த அக்காட கையையும் வாங்கி வந்தனீங்களோ?"

எனக்கு ஆயுள் முழுக்க இதே எரிச்சல்தான். பந்துக்குள்ளே கனமான ஒரு கரு இருக்கிறது. அதன் தலை எங்கே என்பதை மேலே ஒரு புள்ளி காட்டும். எறியும்போது ஒவ்வொருவர் கையிலும் பந்து ஒவ்வோர் அச்சில் சுழலும். அந்த அச்சுக்கும் புள்ளிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை, நாம் துளை போடும் இடம் தீர்மானிக்கிறது. ஒருத்தியின் லேஅவுட்டை, அதாவது துளை அமைப்பை, இன்னொருத்திக்குப் போட்டால் பந்து தன் இஷ்டத்துக்குத்தான் வளையும். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

"பழைய பந்தைக் கொண்டாங்கோ. அதில தரையில உருண்டு உருண்டு தேய்ஞ்ச வளையம் இருக்கும். அதை வச்சு உங்கட அச்சைப் பிடிக்கலாம்."

ஜெனிற்றா தகப்பனைப் பார்த்தாள். அன்ரன் கூரையைப் பார்த்தான்.

"அது நானா, வள்ளத்துக்கு நங்கூரமாக் கட்டிக் கிடக்கு. நல்ல பாரம். ஓட்டையும் இருந்தது, கயிறு போட லேசு."

கடல் மணலில் உரசிய பந்தில் எந்த வளையத்தைத் தேடுவது? தலையில் அடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் பட்டறை நிலத்தில் நீளமாக றெக்சின் விரித்து, மெல்லிசாகத் தேங்காய் எண்ணெய் பூசினேன். மறுமுனையில் அன்ரன் வலையைக் குவித்து வைத்தான்.

"மெதுவா எறி பிள்ளை," என்றான்.

"அப்பாட கதையைக் கேளாதேங்கோ. எப்பவும் எறியிற மாதிரி எறியுங்கோ," என்றேன்.

பந்தைச் சுற்றி எண்ணெய் வளையம் விழுந்தது. அதை வைத்து அச்சைக் குறித்தேன். நினைத்தது சரி. சம்பியனுக்குப் பொருந்திய துளை, இவளுக்குப் புள்ளியை ஆகக் கூடுதலாக வளையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது. இவளுடைய எறியில் வேகமும் குறைவு. பிறகு பந்து சோராமல் என்ன செய்யும்?

பழைய துளைகளைப் பசை ஊற்றி அடைத்தேன். காய்ந்த பிறகு, புள்ளி அச்சிலிருந்து இன்னும் தள்ளி வரும்படி புதிதாகத் துளைத்தேன்.

"இதுவும் சரிவராட்டி, அங்கிள்?" அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வரும்," என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். எறிந்து பார்க்க மன்னாரில் அரங்கு ஏது?

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். இன்னொருவர் பந்தைக் காட்டி "இப்படியே போடு" என்று யாராவது கேட்டால் ட்ரில்லைத் தொடாதீர்கள். முதலில் அவரை எறியச் சொல்லிப் பாருங்கள்.

தெரிவன்று கொழும்பிலிருந்து அன்ரன் அழைத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"நானா, விழுந்திட்டுது. எல்லாம் விழுந்திட்டுது."

"என்ன விழுந்தது? பின்னோ, பிள்ளையோ? ஒழுங்காச் சொல்லன்."

"பின்தான் நானா. பிள்ளையை அணிக்கு எடுத்திட்டினம்."

சொல்லிவிட்டுப் போனிலேயே அழத் தொடங்கினான். நங்கூரத்துக்காக அவனை ஏசுவதை இன்னொரு நாளைக்கு ஒத்திவைத்தேன்.