பாதி மாத்திரை

பக்கத்து வீட்டு நாய்க்குச் சேர வேண்டிய மாத்திரையில் பாதியை நான் திருடினேன். கொடுத்தது என் நாய்க்குத்தான். ஆனாலும் திருட்டு திருட்டுதான்.

பக்கத்து வீட்டு அம்மா மகளின் பிரசவத்துக்குத் திருப்பூர் போனபோது, நாயையும் ஓர் உண்ணி மாத்திரையையும் என்னிடம் விட்டுப்போனார். கறி வாசனை அடிக்கும் மாத்திரை; நாய் மிட்டாய் போல மென்றுவிடும். பிறகு அந்த நாயைக் கடிக்கிற உண்ணி செத்துவிழும். இருபது கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு முழு மாத்திரை என்று அட்டையில் போட்டிருந்தது; அவர் நாய் அதற்கு மேலேயே இருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் நான், அதைப் படித்த பிறகும் அரிவாள்மனையில் வைத்து இரண்டாக நறுக்கினேன்.

அவர் திரும்பி வந்தபோது அவர் நாயின் காதெல்லாம் உண்ணி, துவரம்பருப்பு கணக்காக. என் எட்டுக் கிலோ நாய் பளபளவென்று இருந்தது.

"மாத்திரை குடுத்தீங்கல்ல சார்?"

"குடுத்தேனே."

"ஒங்க நாய்க்கு மட்டும் ஒண்ணையும் காணோம்?"

"அது வெளிய போறதில்லைங்க."

"அப்ப அந்த ஆடுகதான் கொண்டாந்திருக்கும்."

நான் தலையாட்டினேன். அவர் கொல்லை வேப்பமரத்தடியில்தான் ஆட்டுக்காரம்மா மதிய வெயிலுக்கு ஆடுகளை நிறுத்துவார். தொட்டியில் தண்ணீர் காட்டுவார். அன்றே கொல்லைக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. சித்திரை வெயிலில் ஆடுகள் தூரத்துக் கண்மாய்க்கு நடந்தன.

பத்து நாள் பேசாமல் இருந்தேன். பதினோராம் நாள், துவண்டுபோன குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரம்மா என் வாசலில் நின்றார்.

"இதுக்கு ஒரு சொம்புத் தண்ணி குடுங்க சார். என் ஆட்டுல உண்ணியே கெடையாது, யாரு நம்புறா?"

குட்டி குடித்து முடித்ததும் அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப்போய், இருவர் முன்னும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"படிச்ச மனுசன் பண்ற காரியமா சார் இது?" என்றார் அந்த அம்மா. ஆட்டுக்காரம்மா அழுவார் என்று பயந்தேன். அவரோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

மறுநாள் ஆட்டுக்காரம்மாவின் காவல் நாயையும் சேர்த்து மூன்றையும், ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அரிசிக்கடைத் தராசில் ஏறினேன். என் எடையைக் கழித்து எழுதிக்கொண்டு இலுப்பூர் கால்நடை மருத்துவரிடம் போனேன். அவர் சொன்ன நாளில், சொன்ன அளவில் மூன்றுக்கும் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

கொல்லைக் கதவு திறந்துவிட்டது. இப்போதெல்லாம் மாத்திரை நாள் வந்தால், வேப்பமரத்தடியிலிருந்து ஆட்டுக்காரம்மாவின் குரல் வரும்:

"முழுசாக் குடுத்தாரான்னு பாருங்கம்மா! கையை விரிச்சுக் காட்டச் சொல்லுங்க!"

நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன்.