தினம் ஒரு நூல்

என் அத்தை தையற்காரி. கடையின் பின்ஜன்னலுக்குக் கீழே கால்வாய் ஓடுகிறது. சாயப்பட்டறை எதைத் திறந்துவிட்டாலும் முதலில் அத்தை கண்ணில்தான் படும். நான்கு ஆண்டுகளாகத் தினமும் காலையில் தண்ணீரைப் பார்த்து, அதே நிறத்து நூலால் பழைய அளவு நோட்டில் ஒரு தையல் போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வந்தார். இன்னும் கொஞ்சம் சேரட்டும் என்று யாரிடமும் காட்டவில்லை.

அதற்குள் என் அம்மா முந்திக்கொண்டார். மாடியிலிருந்து கால்வாயைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து நகராட்சிக்கு மனு அனுப்பினார். தெருவே தூக்கிவைத்துக் கொண்டாடியது.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு என்ன தைரியம்!" என்பார்கள் துணி கொடுக்க வருபவர்கள். அத்தை குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு "ம்" என்பார். என்னிடம் மட்டும் பொருமுவார்: "நேத்து எட்டிப் பாத்தவளுக்கு இந்தப் பேரு. நான் நாலு வருஷமா இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

வார்டு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அத்தையும் வந்தார். கடைசி வரிசையில், பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி.

"ஒரே ஒரு போட்டோ சார்," என்றார் பட்டறை மேனேஜர். "போன்ல கலர் எப்படி வேணாலும் விழும்."

அதிகாரி மனுவை முடித்துவைக்கப் பேனாவைத் திறந்தார். முடித்துவிட்டால் ஓராண்டுக்கு அந்தப் புகாரைத் திரும்ப எடுக்கமாட்டார்கள். அம்மா பதறினார்.

"இல்ல சார், நல்லா சிவப்பா ஓடுச்சு!"

"சிவப்பா?" அத்தை எழுந்து நின்றார். அம்மாவை மட்டம் தட்டத்தான் எழுந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அன்னிக்கு ஓடினது மெரூன். இவ கண்ணுக்கு எல்லாமே சிவப்புதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அதிகாரி.

வேறு வழியில்லாமல் நோட்டு வெளியே வந்தது. மெரூன், மயில்நீலம், மஞ்சள், வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வெறும் சாம்பல். அதிகாரி தேதிகளை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"உங்க பட்டறைக்கு என்னிக்கு லீவு?"

"ஞாயித்துக்கிழமை," என்றார் மேனேஜர். அவர் குரல் இறங்கிவிட்டது.

சாம்பல் நூலெல்லாம் ஞாயிறுதான். வாரம் முழுவதும் கால்வாய்த் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க அதிகாரி உத்தரவு எழுதினார்.

"இதை ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?" என்றார் அம்மா.

"சொல்லியிருந்தா உன் மனுவுல ஓரமா ஒட்டியிருப்ப."

அதிகாரி நோட்டை அம்மாவின் மனுவோடு சேர்த்துக் கட்டப் போனார். அத்தை அதன்மேல் கை வைத்தார்.

"அதுல சொருகாதீங்க சார். எனக்குத் தனி மனு நம்பர் போடுங்க."

போட்டுக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி, அம்மாவின் மனு எண்ணோடு வைத்துப் பார்த்தார். அத்தையுடையது முப்பது எண் பின்னால் இருந்தது.

"இதுலயும் இவதான் முன்னாடி," என்றார்.